ஐத்தா என்று கேட்ட குரல்

ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன இடத்தில் பாதிரியாருக்கும் தகப்பனுக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. பாதிரியார் அகாத்தே என்று வைக்கச் சொன்னார். தகப்பன் மசியவில்லை.

"அது ஜெர்மன் துரை வீட்டுப் பேரு சாமி. எங்க வாயில வர்ற சொல்லா இருக்கட்டும். நாலு பயலுகளைப் பெத்துட்டு எம்பொண்டாட்டி ஒத்தைக் கையா அல்லாடுறா. இவ அவளுக்கு ஒத்தாசைக்கு வந்தவ. ஐத்தான்னு எழுதுங்க."

எங்கள் எஸ்தோனிய மொழியில் ஐத்தா என்றால் 'உதவு' என்று அர்த்தம். கடைசியில் பாதிரியார் முறைத்துக்கொண்டே 'அகாத்தே ஐத்தா' என்று இரண்டையும் எழுதினார். அகாத்தே தேவாலயத்தோடு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தவள் ஐத்தா.

பெய்ப்சி ஏரிக்கரையில் அந்தப் பெயரோடு வளர்வது லேசான காரியமில்லை. தண்ணீரில் முங்குகிறவனும் அதைச் சொல்லித்தானே கத்துவான்! பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து, "ஐத்தா, ஐத்தா, செத்தேன்!" என்று அலறிவிட்டு ஓடுவார்கள். ஓஸ்வல்ட் மட்டும் ஓடமாட்டான். நின்று சிரிப்பான்.

அவனுக்கு மீசை முளைத்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. ஒரு கோடைத் திருவிழாவில் ஊரே கரையில் நெருப்பு வளர்த்து ஆடிக்கொண்டிருந்தபோது, இவன் ஏரிக்குள் நீந்திப் போய் "ஐத்தா! ஐத்தா!" என்று கூச்சல் போட்டான். ஆண்கள் உடுத்திய துணியோடு குதித்துவிட்டார்கள். கிட்டப் போனால், "ஏன்யா பதறுறீங்க? நான் அந்தப் பொண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்" என்கிறான். அன்றைக்கு அவன் வாங்காத வசவு இல்லை. ஐத்தாவும் திட்டித் தீர்த்தாள். மறு வருஷம் அவனையே கட்டிக்கொண்டாள்.

குழந்தை இல்லை. மற்றபடி குறை சொல்ல முடியாத வாழ்க்கை. குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் ஓஸ்வல்ட் பனிக்கட்டியில் துளை போட்டு அடியில் வலை விரிப்பான். மீனோடு திரும்பும்போது நாணல் புதருக்கு அப்பாலிருந்தே, உயிர் போகிறவன் மாதிரி "ஐத்தாஆஆ!" என்று இழுப்பான். அவள் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போவாள். கரைக் கொட்டகையில் வலை பழுது பார்க்கும் ஹிந்திரெக்கும் அவன் கூட்டாளிகளும் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் மார்ச் கடைசியில் பனிக்கட்டி கறுக்கத் தொடங்கியிருந்தது.

"இன்னிக்குப் போகாதே. ஏரி கெடக்குற நெறத்தைப் பாக்கலியா?" என்றாள் ஐத்தா.

"வலை உள்ள கெடக்குதே. ஏரி மடிச்சா திருப்பிக் குடுக்கும்?"

"வலை போனா பின்னிக்கலாம்."

"பயந்தாங்கொள்ளி. திரும்பி வர்றப்போ கூப்பிடுறேன், வண்டியோட வந்து சேரு."

"கூப்பிடாதே. தொண்டை கிழியக் கத்தினாலும் வரமாட்டேன்."

அவன் சிரித்துக்கொண்டே போனான்.

மத்தியானம் ஏரிமேல் மூடுபனி இறங்கியது. ஐத்தா ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் குரல் கேட்டது. மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். பனிக்குள் எதுவும் தெரியவில்லை. கொட்டகைப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "ஆரம்பிச்சுட்டான்யா, பொண்டாட்டியைக் கூப்பிட!" என்றது ஹிந்திரெக்கின் குரல்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் காலைக் கோபம் திரும்பி வந்தது. 'கத்தட்டும்' என்று உள்ளே போனாள். குரல் இன்னும் சில தடவை கேட்டு, நின்றது. வீம்பு பிடித்து மீனைத் தானே இழுத்து வருகிறான் என்று நினைத்தாள். ரொட்டியை அடுப்பில் வைத்தாள். ரொட்டி வெந்தது. ஆள் வரவில்லை.

பிறகுதான் எல்லாரும் ஓடினார்கள். நாணலுக்கு அப்பால் பனிக்கட்டி உடைந்து கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. ஓரத்தில் அவன் தொப்பி கிடந்தது. ஏரி உருகி அவனைத் திருப்பிக் கொடுக்க மே மாதம் ஆயிற்று.

விசாரிக்க வந்த காவலரிடம் ஹிந்திரெக் சொன்னான்: "கேட்டோம் ஐயா, இல்லேங்கல. அவன் சம்சாரத்தைக் கூப்பிட்டான். அவளே வெளிய வரல, நாங்க எதுக்கு ஓடுறது?" மற்றவர்கள் தலையாட்டினார்கள். அதில் பொய் என்று எதுவுமில்லை. 'நீங்க சிரிச்சீங்க, அதனாலதான் நான் வரல' என்று ஐத்தாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அன்றைக்கு அவர்கள் அவளைப் பார்த்து இருந்தார்கள், அவள் அவர்களைப் பார்த்து இருந்தாள், நடுவில் ஒரு மனுஷன் போய்விட்டான். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகக் காவலர் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு ஊரில் ஒருவரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்தச் சொல்லை எடுத்தாலே வாய் கூசியது. "இந்தாம்மா" என்பார்கள், "ஓஸ்வல்ட் வீட்டுக்காரி" என்பார்கள். அதே சமயம் முதுகுக்குப் பின்னால், "பாவி, புருஷன் கூப்பிட்டும் போகலியே" என்பார்கள்.

அந்தக் காலத்தில் அரசாங்கம் ஜெர்மன் பெயர்களை விட்டுவிட்டு எஸ்தோனியப் பெயர் வைத்துக்கொள்ளும்படி தண்டோரா போடாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அறுவடை முடிந்ததும் ஐத்தாவும் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். வண்டியை ஓட்டி வந்தது ஓஸ்வல்டின் அக்கா அல்வீனே. எதற்குப் போகிறோம் என்று பாதி வழியில்தான் அவளுக்குத் தெரிந்தது. குதிரையை நிறுத்திவிட்டாள்.

"எந்தம்பி சாகும்போது சொன்ன பேருடி அது. அதை விட்டுட்டா, கடைசியா அவன் யாரைக் கூப்பிட்டான்னு ஆகும்?"

"அவன் சொன்னது என் பேரு இல்லக்கா. என்னைக் கூப்பிட்டா கடைசியில இழுப்பான். அன்னிக்கு இழுக்கல. வெட்டி வெட்டி வந்துச்சு."

அல்வீனே அவள் முகத்தையே பார்த்தாள். "அது அப்பவே உனக்குத் தெரிஞ்சுதா?"

ஐத்தா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு, "கையில மாவு இருந்துச்சு" என்றாள்.

அல்வீனே அழுதாள். ஐத்தா அழவில்லை.

"என் பேரு அதுல ஒட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும், அவன் பொண்டாட்டியைக் கூப்பிட்டான்னு இவங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க. என் பேரை நான் எடுத்துடுறேன். மிச்சம் இருக்கிறது என்னன்னு அவங்களும் கேட்கட்டும்."

அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா இளைஞன். "எல்லாரும் நம்ம பேருக்கு வர்றாங்க, நீங்க தலைகீழா நிக்கிறீங்களேம்மா? எவ்வளவு நல்ல பேரு!" என்றான். "நல்ல பேருதான். ரெண்டாவதை அடிச்சுடுங்க" என்றாள். அடித்துக் கொடுத்தான்.

மறுநாள் கடையில் உப்பு வாங்க நின்றபோது ஹிந்திரெக் உள்ளே வந்தான். ஊர் முழுக்கச் சேதி பரவியிருந்தது. "ஏம்மா, பேரை மாத்திக்கிட்டியாமே?" என்றான்.

"ஆமாண்ணே. ஐத்தான்னு ஒருத்தி இந்த ஊர்ல இனிமே இல்ல. அப்படின்னா, அன்னிக்கு நீங்க கேட்டது என்ன?"

ஹிந்திரெக் புகையிலைப் பையைத் திறந்தான், மூடினான். "அவன் எப்பவும் அப்படித்தானே கத்துவான்…" என்றான். இந்த ஒரு கேள்வியை அவனிடம் கேட்டுவிட்டால் நெஞ்சில் கிடக்கும் பாரம் இறங்கும் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள். இறங்கவில்லை.

"ஆமாண்ணே, அப்படித்தான் கத்துவான். நானும் அதைத்தான் நெனைச்சேன்" என்றாள்.

உப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினாள். "அகாத்தே" என்று வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அடுத்த வீட்டில் யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது.