ஃபுமி கடை

"அக்கான்னு கூப்பிடுறாங்கல்ல, அது போதாதா?" என்று அன்றைக்குக் கேட்டார் கென்சாகு.

"போதும். ஆனா என் பேரு ஃபுமி இல்லையே."

"ஊரைச் சுத்திப் பாக்க வந்த ஜனங்க, ஒரு வேளை சாப்பிட்டுப் போயிடுவாங்க. அவங்ககிட்ட நம்ம கதையெல்லாம் எதுக்கு? விடு மிசாவோ."

மிசாவோ விட்டுவிட்டாள். ஃபுகுவோகா நகரின் ஆற்றோரத்தில் இருக்கும் அந்தத் தள்ளுவண்டிக் கடைக்கு அவள் வந்து சேர்ந்த முதல் குளிர்காலம் அது. ஃபுமி என்பது கென்சாகுவின் மறைந்த மனைவியின் பெயர். முகப்புத் துணியிலும் சிவப்புக் காகித விளக்கிலும் அந்தப் பெயர்தான். சுற்றுலாப் பத்திரிகையில் படம் பார்த்து வருகிறவர்கள், அடுப்படியில் நிற்பவள்தான் ஃபுமி என்று நினைத்துக்கொள்வார்கள். "ஃபுமி அக்கா, இன்னொரு கிண்ணம் நூடுல்ஸ்" என்றால் மிசாவோ திரும்புவாள். அப்படித் திரும்பித் திரும்பியே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கல்யாணப் பதிவு மட்டும் நடக்கவில்லை. தானாகக் கேட்டால் செத்துப்போனவளின் இடத்தைப் பிடுங்குவது போலாகும் என்று அவள் வாயே திறக்கவில்லை.

இன்று காலை, ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி, கென்சாகுவே பேச்சை எடுத்தார். இனி மருந்து எதுவும் கேட்காது என்று டாக்டர் கைவிரித்தாயிற்று. கடைக்கு நகராட்சி தந்த உரிமம் அவருக்குப் பிறகு மனைவிக்கோ பிள்ளைக்கோதான் போகும்; பிள்ளை இல்லை.

"பதிவு பண்ணிடலாம் மிசாவோ. நான் போனாலும் ஃபுமி கடை நிக்கணும்ல?"

முதல் வாக்கியத்துக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள். இரண்டாவது வாக்கியம் வந்து அதை மிதித்துவிட்டது. பேரிக்காயைத் தோல் சீவி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கடை போட நேரமாயிற்று என்று எழுந்து வந்துவிட்டாள்.

பொழுது சாய்ந்ததும், டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு, கென்சாகு டாக்சியில் வந்து இறங்கினார். சட்டைக்குள் உடம்பைத் தேட வேண்டியிருந்தது. பெஞ்சில் இடமில்லை. ஆனாலும் வெளியூர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்கள். அவர்தான் கடைக்காரர் என்று அவர்களுக்குத் தெரியாது.

அவரால் நூடுல்ஸ் சாப்பிட முடியாது. மிசாவோ முள்ளங்கியைக் குழைய வேகவைத்து, சாறோடு எடுத்து வைத்தாள். பக்கத்தில் சப்போரோவிலிருந்து வந்த புதுமணத் தம்பதி. அடிக்கடி வருவீர்களா என்று அந்தப் பையன் அவரை விசாரித்தான்.

"தினமும்" என்றார் கென்சாகு.

"சாப்பாட்டுக்கா, அக்காவுக்கா பெரியவரே?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், இருமல் வந்து பாதியில் நின்றது. பையனின் மனைவி கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஃபுமி அக்கா, இங்க பாருங்க, ஒரு போட்டோ."

மிசாவோ திரும்பவில்லை. காதில் விழவில்லை போலும் என்று அந்தப் பெண் இன்னொரு முறை கூப்பிட்டாள். எலும்புச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. மிசாவோ கரண்டியை வைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, கென்சாகுவுக்கு நேரே வந்து நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க" என்றாள். "கடை இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும். என் பேரு என்னன்னு இவங்ககிட்ட நீங்க சொல்லுங்க."