பால் விட்ட சிப்பி சூப்

லிப்ட் மெக்கானிக்குக்கு அன்று விடிந்ததிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவி மீதிச் சாமான்களை எடுத்துப்போக வருகிறாள். தன் தம்பி வீட்டுக்குக் கிளம்பிய அன்று ஒரு துணிப்பையோடுதான் போனாள். இன்றைக்குத் தையல் மிஷினுக்கே வண்டி வருகிறது. அதுவும் போய்விட்டால் இந்த வீட்டுக்குத் திரும்பி வர அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது, மெக்கானிக்கைத் தவிர? அவரை நம்பி எவளும் திரும்ப மாட்டாள் என்பது அவருக்கே தெரியும். அதனால்தான் சூப்பை நம்பினார்.

பாலும் கிரீமும் விட்டுக் கெட்டியாகக் காய்ச்சுகிற சிப்பி சூப் என்றால் அவளுக்கு உயிர். இதற்காகவே சில ஞாயிற்றுக்கிழமைகளாக ஒத்திகை பார்த்திருந்தார். முதல் தடவை சிப்பியை மண் கக்க விடாமல் சமைத்ததில் வாயெல்லாம் நறநறவென்று மணல். அடுத்த தடவை பால் கொதித்துத் திரிந்தது. மேல்வீட்டுப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு, மானமாகப் பிழைக்கிற ஜீவன் என்பதால், திரும்பிப் போய்விட்டது.

இன்று தவறவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறிய சிப்பிகளைத் தேய்த்துக் கழுவி அவித்தார். வாய் திறக்காததையெல்லாம் எறிந்தார். அவித்த தண்ணீரைத் துணியில் வடிகட்டினார். வெண்ணெயில் வெங்காயம் வதக்கி, மாவு தூவி, அந்தத் தண்ணீரிலேயே உருளைக்கிழங்கை வேகவிட்டு, தீயைக் குறைத்துப் பாலும் கிரீமும் ஊற்றினார். சிப்பிச் சதையைக் கடைசியில்தான் போட்டார். முன்னாலேயே போட்டால் அது ரப்பராகிவிடும். ருசி பார்த்தபோது தன் நாக்கையே சந்தேகப்பட்டார்.

அவள் வந்தாள். பின்னாலேயே கயிறும் கையுமாகத் தம்பி.

"சாப்பிட்டுட்டுப் போலாமே," என்றார் மெக்கானிக், சுவரைப் பார்த்து.

"வேணாம்."

"அக்கா, வாசனை ஆளைத் தூக்குது," என்று தம்பி அதற்குள் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு கிண்ணங்கள் வைத்தார். தம்பி எழுந்திருக்கிற மாதிரி இல்லை என்றதும் அவளும் உட்கார்ந்து ஒரு கரண்டி வாயில் வைத்தாள். மெல்லுவது நின்றது. பிறகு குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். மெக்கானிக்குக்கு நெஞ்சுக்குள் மேளமே கொட்டியது.

"மாமா, சத்தியமா சொல்லுங்க, எந்தக் கடையில வாங்குனீங்க?"

"கடையா? என் கைடா!"

"சுவிட்ச் போர்டு நோண்டுற கையா இது?"

அங்கே வாயை மூடியிருக்கலாம். ஆனால் பாராட்டு அவருக்குப் பழக்கமில்லாத சரக்கு, குடித்தவுடன் தலைக்கு ஏறியது.

"இதென்னடா பிரமாத வித்தை! கழுவி வச்சுட்டா அரை மணி நேர வேலை. கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணலாம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அரை மணி நேரந்தானா?"

"ஆமா, அதுக்கு மேல..."

"குழந்தை தங்காம ஆஸ்பத்திரியிலேருந்து வந்து படுத்திருந்தேனே, அன்னிக்கு வாயைத் தொறந்து இது ஒண்ணுதான் கேட்டேன். 'சிப்பியை வாங்கிக் கழுவி யார் மாரடிக்கிறது'ன்னீங்க. அப்பவே போன் வந்துது. எங்கயோ லிப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு செருப்பைக்கூட மாட்டாம ஓடுனீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "இத்தனை நாளா, உங்களுக்கு இதெல்லாம் வராதுன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டிருந்தேன்."

தம்பி வாயிலிருந்ததை விழுங்கத் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற மெக்கானிக் அகப்பையை எடுத்துச் சட்டியைத் துழாவினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மிஷின் கனம். இவன் ஒருத்தனால ஆகாது. ஒரு கை பிடிங்க."

அவள் கேட்டதுதான் தாமதம், இந்தத் தடவை அவர் போய்ப் பிடித்தார்.