முயல் அறையில் ஓர் இழுப்பு

முயலக்கா கூண்டுத் தட்டுகளில் புது மரத்தூளைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தாள். தூள் எழும்பும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஆராய்ச்சிக்கூடத்து முயல்களைப் பார்த்துக்கொள்வதால் வந்த பட்டப்பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். இன்று, விலங்குகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்கும் விலங்கு நெறிக் குழுவிலிருந்து சோதனைக்கு வருகிறார்கள். மேற்பார்வையாளர் காலையிலிருந்து கால் தரையில் பாவாமல் ஓடிக்கொண்டிருந்தார்.

அவளுடைய பயம் வேறு. சில மாதங்களாக முயல் ரோமம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நெஞ்சில் இழுப்பு கண்டு, மூச்சோடு விசில் சத்தமும் வருகிறது. தெரிந்தால் வேலை போய்விடும். எலி அறையில் வேலை பார்த்தவளை, இருமல் வருகிறது என்று சொன்ன அன்றே அனுப்பிவிட்டார்கள். வீட்டில் முதுகு ஒடிந்து படுத்திருக்கும் புருஷனுக்கும், படிக்கிற மகளுக்கும் இவள் சம்பாத்தியம்தான்.

"பேசாம சொல்லிடும்மா," என்று காலையில் மகள் கெஞ்சினாள்.

"சொல்லிட்டு? மூணு பேரும் காத்தக் குடிச்சிட்டு இருக்கலாமா? எனக்கு அதுவும் சரியா உள்ள போகமாட்டேங்குது."

குழுவின் கால்நடை மருத்துவர் பொறுமையான மனிதர். கூண்டின் அகலத்தை அளந்தார். தண்ணீர்க் குழாயின் முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். அறையின் குளிர் போதுமா என்று கேட்டார். முயலக்கா சுவரோரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எவ்வளவு நேரம் மறைப்பது?

மருத்துவர் சட்டென்று கையை உயர்த்தினார். "யாரும் பேசாதீங்க. ஏதோ ஒரு முயலுக்கு இழுக்குது."

மேற்பார்வையாளரின் முகம் வெளுத்தது. "நேத்துகூட எல்லாம் நல்லாத்தானே சார் இருந்துச்சு?"

"தொத்து நோயா இருந்தா இந்த ரூம்ல ஒண்ணக்கூட விட்டுவைக்க முடியாது. வலியில்லாம முடிச்சிடணும்."

முயலக்கா கூண்டுகளைப் பார்த்தாள். வாயைத் திறக்காவிட்டால் வேலை தப்பும். அவள் தொங்கட்டான் என்று கூப்பிடும், ஒரு காது மடிந்த முயல், கம்பியில் மூக்கை வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன பிராணி, இப்போதா பார்க்க வேண்டும்!

"சார், அது நான்தான்," என்றாள். "எனக்குத்தான் இழுக்குது. அதுங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

மருத்துவர் பக்கத்தில் வந்து காதைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகம் தெளிந்தது. "அப்பாடா! வயித்துல பால வார்த்தீங்கம்மா."

"அப்போ ரிப்போர்ட்டு சார்?" என்றார் மேற்பார்வையாளர்.

"எங்க குழு விலங்குகளுக்குத்தானே. அதுங்களுக்கு ஒண்ணுமில்லன்னா சரி. இவங்கள இனிமே உள்ள விடாதீங்க."

மேற்பார்வையாளர் அவள் பக்கம் திரும்பினார். "கோட்டைக் கழட்டி மாட்டிட்டுக் கெளம்பும்மா. வேற ஆளப் பாத்துக்கறோம்."

"கூட்டிப் பெருக்கறதுக்காவது எங்கயாச்சும்..."

"பாக்கலாம், பாக்கலாம்."

கதவு அவள் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. நடைவழியில் உட்கார ஒன்றும் இல்லை. சுவரில் கையை ஊன்றி, வாயைத் திறந்து, மூச்சுக்குத் தவித்து நின்றாள். கதவுக் கண்ணாடியில் மருத்துவர் தெரிந்தார். எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஒரு முயலை மடியில் எடுத்து வைத்திருந்தார். ஸ்டெதாஸ்கோப் சில்லென்று பட்டால் முயல் பதறும் என்று, அதை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.