அளவுக்கு நில்லுங்க

"இது யார் வீட்டு ஜன்னல் மாமா?" என்று கேட்டாள் ஷாரோன்.

சதாசிவம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மருமகள் நீட்டிய கைபேசியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். வளைந்து வளைந்து போகும் இரும்புக் கம்பி. பச்சை பெயிண்ட்.

"செங்கல்பட்டு ரிஜிஸ்டர் ஆபீஸு. பத்திரம் பதியப் போனப்ப உங்க அத்த எடுத்தா. அந்த வளைவுதான் நம்ம சமையக்கட்டு ஜன்னல்ல வந்திருக்கு."

"இது?"

"பீட்ரூட். குறுக்க வெட்டுனது."

"பீட்ரூட்டப் போயி எதுக்கு மாமா..."

"கோடி வீட்டு வளைகாப்புக்கு. உள்ள வட்டம் வட்டமா இருக்கு பாரு. அதே மாதிரி மேடைக்குப் பின்னாடி துணி மடிச்சுக் கட்டினா. நல்லாத்தான் இருந்துச்சு."

ஷாரோன் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். மாமியாரின் கைபேசியில் பதினான்காயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. பிஸ்கட் டப்பா மூடி, யாரோ ஒரு பெண்ணின் முதுகுப்புறப் புடவைக் கரை, தேவனேரிப் படகுகளின் மூக்கு, ஓட்டலில் மடித்து வைத்த கைத்துடைப்பான், பஸ் சீட்டு உறை, இடியாப்பத் தட்டு. தேடிய ஒரே ஒரு பொருள்தான் இல்லை. அமிர்தவல்லியின் முகம்.

அந்த முகம் பத்தடி தள்ளிக் கூடத்தின் நடுவே, குளிர்பெட்டிக்குள் கண்மூடிக் கிடந்தது. காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போனவள் வாசற்படியில் சற்று உட்கார்ந்தாள். அவ்வளவுதான். வந்து பார்த்த டாக்டர், நிமிஷத்தில் முடிந்திருக்கும், கஷ்டமே பட்டிருக்க மாட்டார்கள் என்றார்.

செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு ராகுகாலம். அதற்குள் எடுத்துவிட வேண்டும். மகன் பரணிதரன் வண்டிக்கும் மயானத்துக்கும் அலைந்துகொண்டிருந்தான். போகிற போக்கில் அப்பாவுக்கு ஒரே ஒரு வேலையை விட்டுப் போனான். "ஃப்ளெக்ஸ் கடைக்கு அம்மா போட்டோ ஒண்ணு கொடுத்துடுங்கப்பா. அது போதும்."

அது போதும் என்று சொல்லிவிட்டான். காலை எட்டரையிலிருந்து தேடுகிறார்கள். மணி பதினொன்று.

"இன்னா தம்பி இது, ஒரு போட்டோவுக்கு இம்மா நேரமா?" செய்யூரிலிருந்து வந்திருந்த வரலட்சுமி, அமிர்தவல்லிக்கு மூத்தவள், தலைமாட்டில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தாள். "பீரோவுல ஆதார் கார்டு கீது இல்ல, அத்த குடுத்தனுப்பு."

சதாசிவம் பீரோ பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஆதார் படத்தில் அமிர்தவல்லி, நகை திருடிவிட்டு மாட்டிக்கொண்டவளைப் போல இருப்பாள். அட்டை தபாலில் வந்த அன்றே உறையோடு பீரோவில் பூட்டினாள். "ஏங்க, நல்லாக் கேட்டுக்கங்க. நான் போய்ட்டா இத மட்டும் எடுத்து வெளிய போட்டுடாதீங்க. எழுந்து வந்து கிழிச்சுடுவேன்" என்றாள். சரி என்றார். "சரின்னு சும்மா சொல்லக்கூடாது, சத்தியம் பண்ணுங்க." அவள் நீட்டிய கையில் ஒரு அடி அடித்துச் சத்தியமும் செய்தார். அன்றைக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

"கல்யாண ஆல்பம் இருக்கு இல்ல?" என்றாள் வரலட்சுமி.

"அதுல அவளுக்கு இருபது வயசுக்கா. ரோட்டுல போறவன் பதறிடுவான்."

"பரணி கல்யாண ஆல்பம்?"

ஷாரோனுக்கு அந்த நேரத்திலும் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவள் கல்யாண ஆல்பம்தானே, அவளுக்குத் தெரியாதா? முந்நூற்று இருபது படங்கள். தாலி கட்டும்போது மாமியார் அண்ணாந்து பந்தல் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடும்பப் படத்தில் குனிந்து மேடைத் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். கேக் வெட்டும்போது ஆளே காணோம். மேஜைக்கு அடியில் உட்கார்ந்து விரிப்புக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள்.

துக்கத்துக்கு வருகிறவர்கள் வந்தபடி இருந்தார்கள். பாவம், அவர்களையும் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கூடம் அப்படி. மாலையைப் போட்டுவிட்டு, ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டு, மூக்கைத் துடைக்க நிமிர்ந்தால் தலைக்கு மேலே முறத்தைக் கவிழ்த்துச் செய்த விளக்கு தொங்கும். சுவரில் படகு நீலம். அதற்கு ஓரமாக, படகில் இருப்பது போலவே, ஒரு சிவப்புக் கோடு. கல்பாக்கம் ஆபீசில் சதாசிவத்தோடு முப்பது வருஷம் வேலை பார்த்த தாமோதரன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்துச் சதாசிவத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, தழுதழுத்த குரலில், "அது நெசமாவே முறமா சார்?" என்று கேட்டார்.

"முறந்தான்."

"வார்னிஷ் அடிச்சதா?"

"ரெண்டு கோட்டு."

குளிர்பெட்டியைப் பார்க்கத்தான் சதாசிவத்துக்குப் பொறுக்கவில்லை. கத்திரிப்பூ நிறத்தில் பளபள துணியைச் சுருக்கி வைத்துத் தைத்திருந்தார்கள். விளிம்பைச் சுற்றிலும் குட்டி விளக்குகள், சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. வாழ்நாள் முழுக்கப் பளபளத் துணியோடும் குட்டி விளக்கோடும் சண்டை போட்டவளை அதற்குள்ளேயே படுக்க வைத்தாயிற்று. அவர் மெல்லக் குனிந்து பின்பக்கம் ஸ்விட்சைத் தேடி விளக்கை மட்டும் அணைத்தார். துணியை ஒன்றும் செய்ய முடியவில்லை.

திரும்பி வந்தபோது ஷாரோன் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"மாமா, அத்தை ஒண்ணுலயும் இல்ல."

"ம்."

"ஆனா நீங்க எல்லாத்துலயும் இருக்கீங்க."

"நானா?"

காட்டினாள். பழைய பங்களாத் தூண் ஒன்று. அதன் பக்கத்தில் சதாசிவம், கையில் மஞ்சள் பை. கோயில் தேர்ச் சக்கரம். பக்கத்தில் சதாசிவம், வெயிலுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு. துணிக்கடையில் தொங்கிய திரைச்சீலை. ஓரத்தில் அவருடைய முழங்கை. மாமல்லபுரம் கல்பட்டறை யானை. பக்கத்தில் அவர், யானையைவிட இறுக்கமாக. கடைசிப் படம் இன்று காலை ஆறே காலுக்கு எடுத்தது. வாசல் கேட்டின் நிழல் படியில் பூப்பூவாக விழுந்திருந்தது. ஓரத்தில் அவருடைய ஒற்றைச் செருப்பு.

"அளவுக்கு" என்றார் சதாசிவம்.

"என்ன மாமா?"

"பக்கத்துல ஆள் நின்னாத்தான் எவ்ளோ பெருசுன்னு தெரியுமாம். எங்க போனாலும் அளவுக்கு நில்லுங்க, அளவுக்கு நில்லுங்கம்பா. நான் அஞ்சடி ஏழு. அத வச்சுக் கணக்குப் போட்டுக்குவா. ஆள் இல்லன்னா செருப்பு. ஒன்பதாம் நம்பர்."

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். அவருக்கு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து தன் கைபேசியை எடுத்தார்.

அதில் மொத்தமே நாற்பத்தொரு படங்கள். கரண்ட் மீட்டர் ரீடிங், மாத்திரைச் சீட்டு, கேஸ் ரசீது, மறுபடி மீட்டர் ரீடிங். அதற்கு நடுவே ஒரு கல்யாண வளைவு.

இரண்டு வருஷம் முன்பு மாமல்லபுரத்தில், கடற்கரை விடுதி ஒன்றில் ஆபீஸ் நண்பர் மகள் வரவேற்பு. தென்னங்குருத்தைப் பின்னி, நடுநடுவே மீன்வலை மிதவைகளைக் கோத்து, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு வளைவு. அமிர்தவல்லி அதைப் பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டாள். அவளுடைய கைபேசியில் சார்ஜ் இல்லை. இவருக்கோ முட்டிவலி, நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"அப்ப நீங்க உக்காந்தே எடுங்க. நான் அளவுக்கு நிக்கிறேன். அஞ்சடி ஒரு அங்குலம், ஞாபகம் வச்சுக்கங்க."

ஓடிப்போய் வளைவின் காலடியில் நின்றுகொண்டாள். பள்ளிக்கூடத்தில் உயரம் பார்க்கிற பிள்ளை மாதிரி, உள்ளங்கையைத் தலைமேல் தட்டையாக வைத்துக்கொண்டாள். இவர் சும்மா எடுப்பாரா? கல்பாக்கத்தில் மீட்டர் முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தே ஓய்வு பெற்ற மனிதர். வளைவு சாயாமல், உச்சி வெட்டுப்படாமல், இரண்டு பக்கமும் சம இடம் விட்டு எடுக்க மூன்று நிமிஷம் ஆயிற்று. "ஏங்க, கொட்டாய பிரிக்கறதுக்குள்ள எடுங்க" என்று அவள் சிரித்தாள். அப்போது விழுந்த படம் அது.

அதை அனுப்பச் சொல்லி அவள் கேட்காத வாரமில்லை. அனுப்புறேன், அனுப்புறேன் என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது. எதிர்வீட்டு ஷபானா மகளுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். அந்த வளைவைத்தான் போட்டுத் தருவதாக அமிர்தவல்லி சொல்லியிருந்தாள். நேற்று ராத்திரி சாப்பிடும்போதுகூடக் கேட்டாள். "ரசம் ஊத்து, அனுப்புறேன்" என்றார்.

இப்போது அனுப்பினார். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் பூபாலனின் எண்ணைத் தேட வேண்டியவர், கை போன போக்கில் முதல் பெயரை அழுத்திவிட்டார். ஷாரோன் மடியிலிருந்த அமிர்தவல்லியின் கைபேசி டிங் என்றது. அவள் எடுத்துப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள்.

"அவ கேட்டுட்டே இருந்தா" என்றார் சதாசிவம்.

ஷாரோன் எழுந்து, தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

பிறகு இருவரும் பூபாலன் கடைக்குப் போனார்கள். கடை தெருமுனையில்தான். காதுகுத்து, பூப்புநீராட்டு, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கேதான் அச்சாகி உருளும். விஷயத்தைக் கேட்டதும் பூபாலன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இன்னா சார் சொல்றீங்கோ? நம்ம அமிர்தம்மாவா? முந்தாநேத்து இதே எடத்துல நின்னுகினு என்னாண்ட சண்ட போட்டாங்களே சார்!"

"எதுக்கு?"

"புறாவுக்குத்தான். எல்லா சாவுக்கும் அதே ரெண்டு புறாவா, உனக்கு வேற பறவையே கெடைக்கலியான்னு ஒரே பேஜாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவங்களுக்குப் போயி நான் எப்டி சார் புறா வைப்பேன்?"

"வைக்காதீங்க."

பூபாலன் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். வளைவு, வளைவு, வளைவு. அடியில் ஒரு சின்ன அமிர்தவல்லி.

"அம்மா மூஞ்சி கட்டவிரல் சைஸ் கீதே சார். வளைவ வெட்டிட்டு இவங்கள மட்டும் பெருசு பண்ட்டா?"

"வெட்டாதீங்க."

"அப்டியே போட்டா கல்யாண மண்டபத்து வெளம்பரம் மாறி இருக்கும் சார்."

"இருக்கட்டும்."

"இன்னா சைஸ்? ஆறுக்கு நாலு போட்டா கரெக்டா இருக்கும்."

சதாசிவம் ஸ்கேல் கேட்டார். திரையில் அவளை அளந்தார். பிறகு படத்தின் முழு உயரத்தை அளந்தார். ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் வகுத்தார், பெருக்கினார், ஒரு தரம் சரிபார்த்தார். அளவு போடுவது அவருடைய தொழில்.

"பதினஞ்சடி மூணு அங்குலம்."

"அய்யய்ய சார்! தலைவருக்கே நாங்க பத்தடிதான் போடறோம்."

"அப்பதான் அவ அஞ்சடி ஒண்ணு வருவா."

ஷாரோன் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"ரெண்டு துண்டா அடிச்சு ஒட்டணும்" என்றார் பூபாலன் கடைசியில். "கிட்டக்க பாத்தா புள்ளி புள்ளியா தெரியும் சார். தள்ளி நின்னாதான் மூஞ்சி வரும். பரவால்லியா?"

"பரவால்ல."

"எழுத்து?"

"பேரு மட்டும். மேல காலி இடம் இருக்கு இல்ல, அங்க. சின்னதா."

"தெரியும் சார். எடம் வுடுடா, எடம் வுடுடான்னு உயிர எடுப்பாங்க." சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்து, பூபாலன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இரண்டேகாலுக்கு மொட்டைமாடிச் சுவரிலிருந்து ஃப்ளெக்ஸை இறக்கினார்கள். பரணி மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா இது?" என்றான். அடிவிளிம்பு முன்வாசல் தரையைத் தொட்டது. சரியாகத் தொட்டது. தென்னங்குருத்து வளைவு வீட்டின் முகத்தையே மூடிக்கொண்டது. அதன் காலடியில், இப்போதுதான் கோலம் போட்டு முடித்து எழுந்தவள் போல, அமிர்தவல்லி தலையில் கை வைத்துச் சிரித்தாள்.

வரலட்சுமி வெளியே வந்து பார்த்தாள். திட்டுவதற்காகத்தான் வந்தாள். "பல்லு தெரியுது பாரு இவளுக்கு" என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தெருவில் போன பைக் ஒன்று நின்றது. பின்சீட்டில் தேங்காய் மூட்டை. "அண்ணாத்த, மண்டபம் இதானா? சமையக்கட்டு எந்தப் பக்கம் கீது?"

"அடுத்த தெருப்பா" என்று அனுப்பினார் தாமோதரன்.

சவவண்டி வந்து திரும்பி நின்றது. உள்ளே பெண்கள் கடைசியாக ஒருமுறை சுற்றி வர ஆரம்பித்திருந்தார்கள். வாசலில் ஷபானா நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது. கையிலிருந்த கைபேசியைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள்.

"அங்கிள், தப்பா நினைச்சுக்காதீங்க. ஆன்ட்டி எங்களுக்கு இதத்தான் போடறேன்னு சொன்னாங்க. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"எடும்மா."

அவள் தெருவின் மறுபக்கம் வரை பின்னால் போய்க் கைபேசியை உயர்த்தினாள். சதாசிவம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தார். ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்று, ஒன்றும் மறைத்துவிடாதபடி அரையடி தள்ளிக்கொண்டார். கைகளைப் பக்கவாட்டில் வைத்து, நேராக நிமிர்ந்தார்.

"அங்கிள்?"

"அளவு தெரியணும் இல்ல" என்றார்.

வெயில் முகத்தில் அடித்தது. அவர் சுளிக்கவில்லை. பக்கத்தில், அவள் தலைமேல் வைத்த கை அவர் காதுமடலுக்குச் சரியாக வந்தது.