ஸ்பிரிட்டில் கலந்த தண்ணீர்

மாட்டுங்கா நாகலக்ஷ்மி அம்மாள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை, போட்ட பாலிஷ் காயக் காய வெளுத்தது. அரக்குப் பாலிஷ் தேக்கின் சிவப்பைத் தூக்கிக் காட்ட வேண்டும்; இதிலோ பால் சிந்தித் துடைத்ததுபோல் ஒரு மங்கல். மும்பை தாராவியில் உதுமானின் மரச்சாமான் பட்டறையில் இப்படி ஆவது இது முதல்முறை அல்ல. ஈரம் சேர்ந்தால்தான் பாலிஷ் இப்படி வெளுக்கும்; மழை ஓய்ந்து நாளாகியிருந்ததால் காற்றின் ஈரத்தைக் குற்றம் சொல்ல வழியில்லை. அரக்கைக் கரைக்கிற ஸ்பிரிட்டில்தான் தண்ணீர் இருக்கிறது என்று உதுமானுக்குப் பட்டது.

முதலில் அவர் சந்தேகப்பட்டது ஸ்பிரிட் கொடுக்கும் குர்லா கடைக்காரர் தௌஃபீக்கை. போனில் சத்தம் போட்டதற்கு, சீல் உடைக்காத கேனிலிருந்து எடுத்து எரித்துப் பாருங்கள் என்றார் அவர். உதுமான் புதுக் கேனைத் திறந்து ஒரு கரண்டி தட்டில் ஊற்றிக் கொளுத்தினார். நீலமாக எரிந்து தட்டு காய்ந்துவிட்டது. பட்டறையில் புழக்கத்திலிருந்த கேனின் ஸ்பிரிட் பாதியில் அணைந்தது. தட்டில் தண்ணீர் நின்றது.

அப்படியானால் உள்ளுக்குள்ளேயே யாரோ. பாலிஷ் போடுவது பூலோகம் ஒருவர்தான். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். விட்டுவிட்டேன் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தவர். ஸ்பிரிட்டைக் குடித்துவிட்டு அளவு குறையாமலிருக்கத் தண்ணீர் ஊற்றுகிறாரோ? அது விஷமாயிற்றே. அப்படி நினைத்த பிறகு எல்லாமே சாட்சியாகத் தெரிந்தது: கண் சிவப்பு, கை நடுக்கம், மத்தியானம் தனியாக உட்கார்ந்திருப்பது. நெருங்கிப் போய் மூச்சை மோந்து பார்த்தார். பாலிஷ்காரர்மேல் எப்போதும் அடிக்கிற ஸ்பிரிட் வாசனைதான். அதில் என்ன தெரியும்?

கடைசியில் கேட்டேவிட்டார். "கேன்ல கை வச்சீராவே? மறைக்காம சொல்லும். உசுரு போற சமாச்சாரம்."

பூலோகம் கையிலிருந்த பாலிஷ் தேய்க்கும் துணிப் பந்தைக் கீழே வைத்தார். "மவ பொறந்த அன்னைக்கு விட்டது பாய். நீங்க நம்பலன்னா நான் இங்க இருந்து என்ன செய்ய?" சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதே உதுமானின் சந்தேகத்தை உறுதியாக்கியது. பட்டறைக்கு மேலேயே வீடு. ஏணியில் ஏறிப்போய் மனைவி ஆபிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தண்ணி ஊத்துனது நான்தாங்க," என்றாள்.

அவள் தம்பி டிராம்பேயில் இதே மாதிரி ஸ்பிரிட்டைக் குடித்துச் செத்தவன். பூலோகம் கேனை முகத்தருகே தூக்குவதை ஒரு நாள் ஏணியிலிருந்து பார்த்திருக்கிறாள். ஆட்கள் சாயா குடிக்கப் போன நேரம் இறங்கி, வீரியமாவது குறையட்டும் என்று ஒரு செம்புத் தண்ணீரைக் கலந்தாள். பிறகும் சில தடவை. கணவரிடம் சொன்னால் அந்த மனிதரின் வேலை போய்விடும் என்று பயம். அவர் குடித்தாரா, வெறுமனே மோந்தாரா என்று அவளுக்கும் தெரியாது.

உதுமான் பூலோகத்தின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். நடந்ததைக் கேட்ட பூலோகம், ஊற்றுமுன் மோந்து பார்ப்பது தன் வழக்கம் என்று மட்டும் சொன்னார். மறுநாள் வந்தார். வெளுத்ததைச் சுரண்டியெடுத்து மறுபடி பாலிஷ் போட்டார். மேஜை மாட்டுங்காவுக்குப் போனது.

இப்போதெல்லாம் ஸ்பிரிட் எடுக்குமுன் பூலோகம் மேலே பார்த்து, "மதினி, எடுக்கேன்" என்று குரல் கொடுக்கிறார். ஆபிதா ஏணியருகே வந்து நிற்கிறாள். அவர் ஊற்றி மூடியைத் திருகும்வரை கண்ணை எடுப்பதில்லை.