சிவந்தி நின்ன பக்கம்

"பேமானி, உனுக்கு ரோசமே இல்லியாடி? ஸ்டெப்பு பூரா நீ சொல்லிக்குடுப்ப, கடைசில நீ வெளிய நிப்ப, நாங்க மேடைல ஆடுவோமா?"

"சீட்டுல என் பேரு வந்துச்சு, நான் நின்னுக்குறேன். உனுக்கு இன்னா போச்சு?"

"சீட்ட அடுப்புல போடு. என் எடத்துல நீ ஆடு. நான் வூட்டுக்குப் போறேன்."

"போய்ப் பாரேன், காலை ஒடைக்கிறேன்."

ஸ்கூல் தண்ணி டேங்குக்குப் பின்னாடிதான் இந்த சண்ட. நான் இந்தப் பக்கம் டான்ஸுக்கு வச்சிருந்த அலுமினிய அன்னக்கூடைங்கள கழுவிகினு இருந்தேன். அடிச்சிக்கிறாளுங்கன்னு நெனச்சி ஓடுனேன். போய்ப் பாத்தா சங்கமித்ராவும் சிவந்தியும். எட்டாவது படிக்கிற பொண்ணுங்க. ஒருத்தி சடைய ஒருத்தி புடிச்சிகினு, நீதான் ஆடணும், நீதான் ஆடணும்னு சண்ட. விட்டுக்குடுக்கறதுக்கு இப்டி அடிச்சிகினத நான் எங்கயும் பாத்ததில்ல.

என் பேரு மதி. எண்ணூர் நெட்டுக்குப்பம். வயசு நாப்பத்தாறு. என் பொண்ணும் அந்த ஸ்கூல்ல படிக்கிறா, அதனால பள்ளி மேலாண்மைக் குழுவுல நானும் ஒரு ஆளு. கலை விழாவுக்கு எங்க ஸ்கூல்லேர்ந்து குழு நடனம் போட்டாங்க. பி.டி. சார் எபினேசர்தான் பொறுப்பு. அவருக்கு டிரெயினிங், மீட்டிங்னு தெனம் ஒண்ணு வரும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல புள்ளைங்களுக்குத் தொணையா நான் இருப்பேன். எனுக்கு டான்ஸுலாம் ஒண்ணும் தெரியாது.

டான்ஸு மீன் ஏலம் வுடற மாதிரி. ரெண்டு வரிசை, இடுப்புல அன்னக்கூடை, நடுவுல ரெண்டு வரிசையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து எடம் மாறணும். இத யோசிச்சி, ஒவ்வொருத்தியும் எங்க நிக்கணும், எப்ப திரும்பணும்னு எல்லாம் சொல்லிக்குடுத்தது சிவந்திதான். அவ அம்மா நெஜமாவே ஏலத்துல மீன் எடுத்து விக்கிறவங்க.

பதினோரு பொண்ணுங்க ஆடிகினு இருந்தாங்க. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் சார் சுற்றறிக்கைய முழுசா படிச்சாரு. பத்து பேருக்கு மேல கூடாதாம். யாரயும் வெளிய எடுக்க சாருக்கு மனசு வர்ல. எங்க குப்பத்துல எந்த எடத்துல யாரு வலை போடறதுன்னே சீட்டு குலுக்கிதான் முறை பிரிப்பாங்க. யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. அதே நெனப்புல நான்தான் பெரிய இவளாட்டம், "சீட்டு போட்ருலாம் சார், வர்ற பேரு வெளிய நிக்கட்டும், யாரு மேலயும் பழி வராது"ன்னேன். சீட்ட எடுத்ததும் நான்தான். சிவந்தின்னு வந்துச்சு. அவ அழுவல. "சரி அத்த"ன்னுட்டு பாட்டு போடற ஸ்பீக்கர்கிட்ட போய் ஒக்காந்துகினா. அழுதிருந்தாகூட எனுக்கு தேவலாம்னு இருந்திருக்கும்.

டேங்குகிட்ட ரெண்டு பேரையும் பிரிச்சி வுட்டேன். சங்கமித்ரா, "அவ போட்டிக்கு வரணும், இல்லன்னா நான் பஸ்ஸே ஏறமாட்டேன்"னுட்டா. சரி, கூடை தூக்க ஒரு ஆளு வேணும்னு சார்கிட்ட சொல்லி சிவந்தியையும் கூட்டிகினு போனோம்.

போட்டி மாதவரத்துல ஒரு ஸ்கூல் ஹால்ல. எங்க முறைக்கு அரை மணி நேரம் இருந்துச்சு, ஒருதபா ஆடிப் பாத்துக்கலாம்னு பின்னாடி வராண்டால நிக்க வச்சோம். பாட்டு ஓடுச்சு. எடம் மாறுற எடம் வந்துச்சு. டமார்னு ஒரு சத்தம். கூடையும் கூடையும் மோதி, ஜெஸ்லினுக்கு மொழங்கைல செம அடி.

"கடல் பக்கம் தானடி போவணும், நீ எங்கடி வர்ற?"

"நான் கடல் பக்கம்தான்டி வந்தேன்! கடலு தோ அங்க கீது!"

"லூசு, பஸ்ல வரும்போது கடலு அந்தாண்ட போச்சு!"

அப்பதான் எனுக்கு வெளங்குச்சு. எங்க ஊர்ல லெஃப்டு ரைட்டுலாம் யாரும் சொல்றதில்ல. ஒரு பக்கம் கடல், எதிர் பக்கம் அனல்மின் நிலையத்து சிம்னி. கடைல ஜாமான் கேட்டாகூட, "சிம்னி பக்கம் இருக்கற டப்பா"ன்னுதான் கேப்போம். சிவந்தியும் அப்டிதான் சொல்லிக்குடுத்திருக்கா. மூணு மாசமா மைதானத்துல தலைய தூக்குனா கடலும் சிம்னியும் தெரியும். இங்க நாலு பக்கமும் செவுரு. எனுக்கே அது தோணல, புள்ளைங்கள இன்னா சொல்றது?

எபினேசர் சார், "லெஃப்டு, ரைட்டுன்னு மாத்தி சொல்லிக்குங்கமா"ன்னாரு. சொன்னதும் இன்னும் பேஜாரா போச்சு. ஆடற பொண்ணு ரிஃபானா என் போன வாங்கி மேப்ப போட்டுப் பாத்துட்டு, "அத்த, நெஜக் கடலு லெஃப்டுலயும் இல்ல ரைட்டுலயும் இல்ல, ஜட்ஜுங்க முதுகுக்குப் பின்னாடி கீது"ன்னா. ரெண்டு பேரு அழுதுட்டாங்க.

கூடைங்கள அடுக்கிகினு இருந்த சிவந்தி எழுந்து வந்தா. "ஏய், கடலயும் வுடுங்க, சிம்னியயும் வுடுங்க. மேடைல திரைக்குப் பின்னாடி ஒரு ஓரமா நான் நிப்பேன். நான் நிக்கிற பக்கம்தான் கடலு. புரியுதா?"

"நீ நகந்துட்டின்னா?" இது சங்கமித்ரா.

"கடலு எங்கனா நகருமாடி?"

எல்லாம் சிரிச்சிட்டாளுங்க.

மேடை ஓரத்துல பேட்ஜு குத்திகினு இருந்த ஒரு சார் மறிச்சாரு. "டீம்ல இல்லாத புள்ள இங்க நிக்கக்கூடாது." நான் கையெடுத்துக் கும்புட்டேன். "சார், அவ நிக்கலன்னா எங்க புள்ளைங்களுக்கு தெச தெரியாது சார்." அவருக்கு ஒண்ணும் புரியல. இருந்தாலும், "ஒரு விரல் வெளிய தெரிஞ்சாலும் டீமையே எடுத்துருவேன்"னுட்டு தள்ளிப் போய்ட்டாரு.

ஒரு கூடை மோதல. எடம் மாறும்போது பத்து பேரும் ஒருதபா சிவந்திய ஓரக்கண்ணால பாத்தாங்க. சும்மா சல்லுனு பூந்து வெளிய வந்தாங்க. ஹால்ல கைத்தட்டு. நான் மேடைய பாக்கவேல்ல. சிவந்தியத்தான் பாத்துகினு இருந்தேன். அந்த இருட்டுல, இடுப்புல கூடை இல்லாமலே கையை மட்டும் வளைச்சி வச்சிகினு, நின்ன எடத்துலயே மொத்த டான்ஸையும் ஆடி முடிச்சா. ஒரு அடி கூட நகரல.

முதல் எடம் எங்களுக்குத்தான். பேரு படிச்சாங்க, பத்து பேரு. பத்து சர்டிபிகேட்டு. எல்லாரையும் விட பலமா கைதட்டுனது சிவந்தி.

திரும்பி வரும்போது பஸ்ல என் பக்கத்துல வந்து ஒக்காந்தா. "அத்த, அடுத்த ரவுண்டுக்கும் நான் வர்லாமா?"ன்னு கேட்டா. "கேட்டு சொல்றேன்டி"ன்னு சமாளிச்சேன். ஏன்னா சார் கைல அதுக்குள்ள கடுதாசி குடுத்துட்டாங்க. அடுத்த மாசம் வெளியூரு. அதே பத்து பேரு, கூட பெரியவங்க ரெண்டு பேரு. வேற யாரும் உள்ள வரக்கூடாது. சங்கமித்ராவுக்கு சேதி தெரிஞ்சதும் "என் பேர அடிச்சிட்டு அவ பேர எழுதுங்க"ன்னு ஆரம்பிச்சிட்டா. இந்த வாட்டி நான் சீட்டு எடுக்கமாட்டேன். அந்தக் கைய நெனச்சாலே எனுக்கு கூசுது.

திங்கக்கெழம பேரு லிஸ்டு குடுக்கணும். ரூல் தெரிஞ்ச வாத்தியாருங்க, விழாவுக்குப் புள்ளைங்கள கூட்டிகினு போன அம்மா அப்பாக்கள் யாராச்சும் இத படிச்சா சொல்லுங்க. உதவிக்குன்னு ஒரு புள்ள பேர சேக்க வழி இருக்குதா? உங்க ஸ்கூல்ல இப்டி ஆனப்ப இன்னா பண்ணீங்க? யாருகிட்ட மனு குடுக்கணும்? வழியே இல்லன்னாலும் அதையும் எழுதுங்க, நான் அந்தப் பொண்ணுகிட்ட பதில் சொல்லணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள கீழ எழுதுங்க.