ஸ்டெய்ன்விக்கில் யாரும் இல்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையதல்ல.

நான் பாதி ஆயுளாக மீன் வெட்டிப் பிழைக்கும் இந்த வடநார்வேக் கரையைக் கப்பலில் இருந்து பார்த்தே தீருவேன் என்று, டொரொண்டோவிலிருந்து வந்த என் அக்கா பிடிவாதம் பிடித்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கப்பலில் எல்லோருக்கும் சிவப்புச் சட்டை கொடுத்தார்கள். தினமும் பார்த்துச் சலித்த பாறைகளை நானும் அதைப் போட்டுக்கொண்டு வாய் பிளந்து பார்த்தேன். ஒரு சிறு குடாவில் ரப்பர் படகில் எங்களை இறக்கும்போது வழிகாட்டிப் பெண் சொன்னாள், இது கைவிடப்பட்ட மீனவர் கிராமம், இங்கே யாரும் இல்லை என்று. ஒரு வீட்டின் புகைபோக்கியில் புகை தெரிந்தது. அக்கா கைகாட்டிக் கேட்டாள். அது மூடுபனி என்றாள் அந்தப் பெண், திரும்பிப் பார்க்காமலே.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "வடகடலின் நீல மௌனத்தில் ஒரு…" வேண்டாம். இந்தக் கடல் நீலமாக இருந்ததை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். கடற்பறவைகள் போடும் கூச்சலில் மௌனம் ஏது?

இரண்டாவது: "தன் அப்பா செத்துப்போனதாக யூருன் சொன்ன அன்று, அவர் பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம்…" இது முந்திரிக்கொட்டை. எல்லாவற்றையும் முதல் வரியிலேயே கொட்டிவிடுகிறது.

நேராகவே சொல்கிறேன். யூருன் என்ற அந்த வழிகாட்டி, அந்தக் குடாவில் இருக்கும் ஸ்டெய்ன்விக்கில் பிறந்தவள். சாலை இல்லாத ஊர். ஒவ்வொரு குடும்பமாகப் பட்டணத்துக்குப் போய்விட்டது. அவளுடைய அப்பா ஹில்மார் மட்டும் பனி உருகியதும் படகேறித் திரும்பிவிடுவார். கோடை முழுக்க அங்கே தனியாகக் கிடப்பார். அவளுக்கோ கோடை முழுக்கக் கப்பலில் வேலை, அவரைப் பார்க்க வேறு வழியில்லை. அதனால் கப்பல்காரர்களிடம் வாரம் ஒருமுறை ஸ்டெய்ன்விக்கில் நிறுத்தச் சொல்லி அவள்தான் மன்றாடி வாங்கினாள். அவர்கள் கேட்டது ஆளில்லாத கிராமம். அவளும் ஆளில்லை என்று சொல்லிவிட்டாள்.

(பெரிய பொய் என்று நினைக்கவில்லை அவள். ஒரு கிழவர்தானே.)

3

வழிகாட்டி முதலில் தனியாகக் கரையிறங்கி இடத்தைப் பார்த்துவர வேண்டும் என்பது கப்பல் வழக்கம். யூருன் நேராக அப்பாவின் வீட்டுக்கு ஓடினாள். அவர் காலுறையோடு நின்று மீன் வறுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஆக்கள் வந்து போகுமட்டும் உள்ளுக்க சத்தம் போடாமல் இருங்கோ. ஆள் இருக்கெண்டு தெரிஞ்சா இந்த இடத்தையே பயணத்தில இருந்து எடுத்துப்போடுவினம். பிறகு நான் எப்பிடி வாறது?"

ஹில்மார் மீனைத் திருப்பிப் போட்டார். "என்னைப் பார்க்க வாறதெண்டா நான் இங்க இல்லாமல் இருக்கோணும். அப்பிடித்தானே?"

"ஓம் அப்பா."

"செத்த ஆளா இருந்து எனக்குப் பழக்கமில்லை. சரி, பார்ப்பம்."

(அவர்கள் பேசியது நார்வேஜியன். எனக்குள் யார் பேசினாலும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அடுப்பில் தண்ணீர் ஊற்றினார். ஈரக் கட்டை கொஞ்ச நேரம் புகையத்தான் செய்யும். பிறகு அவரே குறை கண்டுபிடித்தார்: கைவிட்ட வீட்டில் ஜன்னல் இப்படி மினுங்குமா, பலகை அடி என்றார். யூருன் வெளியே நின்று, அப்பா இருக்கும் வீட்டின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாள். உள்ளிருந்து அவர், ஆணி சரிகிறது, உனக்கு ஆணி அடிக்கச் சொல்லித்தந்த மடையன் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் சிரித்தாள். கடைசிப் பலகை அடித்தபோது அவர் குரல் நின்றுவிட்டது. அவள் சுத்தியலை வைத்துவிட்டுக் கரைக்கு நடந்தாள்.

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். தொழிற்சாலையில் என்னோடு மீன் வெட்டும், இந்தக் கரையிலேயே பிறந்த ஊட்வாரிடம் இதுவரை சொல்லிக் காட்டினேன். அவன் ஹில்மாரை நம்பவில்லை.

"வாசல்ல சத்தம் கேட்டா எங்கட ஆக்கள் கோப்பிக் கேத்தலை வைக்காமல் இருக்க மாட்டினம். உன்ர கிழவன் பொய்."

அவன் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் ஹில்மாருக்கு மகளைப் பார்க்க வேண்டும், அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும். அதற்காக அந்த மனிதர் கோப்பி ஊற்றாமலும் இருப்பார் என்று நான் நம்புகிறேன்.

5

சிவப்புச் சட்டைகள் வந்தன. பலகை அடித்த வீட்டின் முன் ஒருவர் நின்று, இங்கே கடைசியாக யார் இருந்தார்கள் என்று கேட்டார்.

"ஹில்மார் எண்டு ஒருத்தர்," என்றாள் யூருன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மனைவி நோயில் கிடந்த குளிர்காலத்தில், புயலுக்குள்ளே படகோட்டி அவளை ஆஸ்பத்திரி சேர்த்ததைச் சொன்னாள். அப்படி ஒரு மனிதரைத் தான் பார்த்ததில்லை என்றாள். அந்தக் குடும்பத்தில் "இண்டைக்குக் கடல் அடங்கியிருக்கு" என்பதுதான் அன்பின் உச்சம். இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே அவள் சொன்னதே கிடையாது. எப்போது இறந்தார் என்று கேட்டார்கள். போன குளிர்காலம் என்றாள்.

சுவருக்குள் சத்தமில்லை.

[இந்த இடத்தில் ஓர் இருமல் வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். ஓர் இருமலில் எல்லோரையும் தப்பவிடுவது மலிவான வேலை.]

அவர் நடிப்பு அவளைப் பயமுறுத்தியது. உள்ளே அவருக்கு ஏதும் ஆகிவிட்டதோ, ஒரு சத்தம் போதும் என்றிருந்தது. அவரைச் சீண்டிவிடக் குரலை உயர்த்தி வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்தாள். அந்த ஆளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, படகேறினால் வாந்திதான் என்றாள். பட்டணத்துக் கடையில் மீன் வாங்கிவந்து, தானே பிடித்ததாக மனைவியை ஏமாற்றுவார் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இந்தக் கரையில் ஒரு மீனவனை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. இதற்கும் சத்தம் வராவிட்டால்?

வரவில்லை. யூருன் கதவை நோக்கி நடந்தாள்.

6

அக்கா ஒரு முடிவு சொன்னாள்: உள்ளே அவர் நிஜமாகவே செத்துக் கிடக்கிறார். சொல்லிவிட்டு அவளே அழுதாள். ஊட்வாரின் முடிவில் கதவு திறக்கிறது, கிழவர் கேத்தலோடு நின்று யாருக்குச் சீனி வேண்டும் என்று கேட்கிறார், கப்பல் இனி அந்தப் பக்கம் வருவதில்லை.

நான் எழுதிப் பார்த்தது இது. யூருன் கதவைத் தள்ளுகிறாள். கதவு அசையவில்லை. அதற்குத் தாழ்ப்பாளே கிடையாது. உள்ளே யாரோ தோள் கொடுத்துத் தாங்குகிறார்கள். அப்பா உயிரோடு இருக்கிறார், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், அடுத்த வாரமும் அவள் வர வேண்டும் என்று பலம் முழுவதையும் அந்தக் கதவில் வைத்திருக்கிறார்.

அவள் இளையவள். இன்னும் கொஞ்சம் தள்ளினால் திறந்துவிடும், எல்லோர் முன்னாலும் அவரை அப்பா என்று கூப்பிடலாம். விட்டுவிட்டால் வாரா வாரம் வந்து, அவர் காதுபட அவரைச் சாகடிக்கலாம்.

இந்த இடத்தில் பல நாள் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தள்ளவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. நான் கையை எடுத்துவிட்டேன். இப்போது அந்தக் கதவின் மேல் இருப்பது உங்கள் கை.